அரசியல் அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு கைடோடு ஒரு வழக்கும் கொடுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொங்கல் வேலையெல்லாம் ஒதுங்கின பிறகு நிதானமாகப் படியுங்கள்.

மார்ச் மாதம் பிளஸ் டூ பொதுத்தேர்வு. ஜனவரி பிறந்ததிலிருந்து எனக்கு வரும் போனில் பாதி ஒரே கேள்விதான்: "டீச்சர், பையன் ஆர்ட்ஸ் குரூப்பு. அரசியல் அறிவியலுக்கு எந்தக் கைடு வாங்கலாம்?" கேட்கிறவர்கள் என்னிடமே படித்தவர்கள். இப்போது அவர்கள் பிள்ளைகள் அந்தப் பாடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். கைடு எது வேண்டுமானாலும் வாங்குங்கள், எல்லாம் ஒன்றுதான். ஆனால் கைடு மட்டும் வைத்து அரசாங்கம் என்கிற பாடத்தைப் படித்து முடிக்க முடியாது. கூடவே வழக்குகளைப் படிக்க வைக்க வேண்டும். வழக்கு என்றால் கோர்ட்டில் நடந்த, பெயரும் ஆண்டும் உள்ள உண்மையான வழக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

என் தம்பி பேத்தி டல்லாஸில் படிக்கிறாள். நம்ம கணக்குக்கு பிளஸ் டூ. அவளுக்கு மே மாதம் ஒரு தேர்வு. 'ஏ.பி. யு.எஸ். கவர்ன்மென்ட்' என்று பெயர். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் எழுதும் தேர்வு. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். நல்ல மதிப்பெண் வந்தால் பல கல்லூரிகளில் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "ஆச்சி, நீங்க இதே சப்ஜெக்ட்தானே எடுத்தீங்க?" என்று கேட்டு, பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முழுவதையும் படித்தேன்.

மூன்று மணி நேரத் தேர்வு. முதல் 80 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள். மீதி 100 நிமிடத்தில் நான்கே நான்கு எழுத்து வினாக்கள். அந்த நான்கும் நான்கு விதம். ஒரு நிகழ்வைக் கொடுத்து, படித்த கருத்தை அதில் பொருத்திக் காட்டச் சொல்வது ஒன்று. ஒரு அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து அது என்ன சொல்கிறது என்று கேட்பது ஒன்று. உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்று. கடைசியாக, ஒரு நிலைப்பாடு எடுத்து ஆதாரத்தோடு வாதிடும் கட்டுரை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்குகள் என்று ஒரு டஜனுக்கு மேல் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். தேர்வில் அந்தப் பட்டியலில் இல்லாத, பிள்ளை படித்தே இராத ஒரு வழக்கின் கதையை நாலு வரியில் கொடுப்பார்கள். படித்த வழக்கு ஒன்றின் பெயரைச் சொல்லி, இரண்டுக்கும் என்ன ஒற்றுமை, தீர்ப்பு ஏன் வேறுபட்டது என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு வழக்கின் பெயர் ஞாபகம் வரும், அதற்கு மேல் கை ஓடாது. புரிந்து படித்த பிள்ளை எழுதிவிடும். இது போக ஒன்பது மூல ஆவணங்களை நேரடியாகப் படிக்க வேண்டும். அவர்களுடைய அரசியலமைப்பு அதில் ஒன்று. மார்ட்டின் லூதர் கிங் 1963ல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதமும் ஒன்று.

அமெரிக்காக்காரன் செய்வதெல்லாம் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தேர்வு எழுதவே நூறு டாலரை ஒட்டிக் கட்ட வேண்டும். எல்லாப் பள்ளியிலும் அந்தப் பாடம் கிடையாது. அங்கேயும் டியூஷன் இருக்கிறது, சுருக்கக் குறிப்பு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம பிள்ளை அரசுப் பள்ளியில் காசில்லாமல் படிக்கிற பாடம் அங்கே ஒரு கூடுதல் சலுகை மாதிரி. நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஒரு கேள்வி.

நம்ம வினாத்தாள் எப்படி இருக்கிறது? எழுத்துத்தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் வினா 20. இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண், ஐந்து மதிப்பெண் என்று ஏழேழு எழுத வேண்டும். பெரும்பாலும் 'வரையறு', 'குறிப்பு வரைக', 'வேறுபடுத்துக', 'விவரி' என்றுதான் கேள்வி முடியும். பிள்ளைகளும் சரியாகக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். புக் பேக் கேள்வி முழுக்க, பழைய வினாத்தாள் ஐந்து வருடத்தது, கைடில் நட்சத்திரம் போட்ட கேள்விகள். முடிந்தது. கேசவானந்த பாரதி வழக்கு எந்த ஆண்டு என்றால் 1973 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள், 7 பேர் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம், ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் நாடாளுமன்றம் அரசியலமைப்பில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஆகியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. யாரும் கேட்கப்போவதில்லை, அதனால் யாரும் சொல்வதுமில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், சொல்வதற்கு நம்மிடம் இருக்கிற வழக்குகள் அவ்வளவு நல்ல வழக்குகள். அதிலும் பல நம்ம பழைய மெட்ராஸ் மாகாணத்து வழக்குகள். மூன்றை மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் பேச்சுரிமை. 1908ல் நம்ம திருநெல்வேலி கோர்ட்டில் வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். குற்றம் என்ன? பேசினது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ, அதாவது ராஜத்துரோகம். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, ஆனாலும் செக்கிழுத்தது இழுத்ததுதான். அதற்குப் பதினோரு வருடம் கழித்து, 1919ல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஷென்க் என்பவருடைய வழக்கு. கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்துத் துண்டறிக்கை அனுப்பினார். போர்க்காலத்தில் அதனால் ஆபத்து வரும் என்று தண்டனையை உறுதி செய்தார்கள். டல்லாஸ் பேத்தியின் பட்டியலில் அந்த வழக்கு இருக்கிறது. நம்ம பையனுடைய புத்தகத்தில் வ.உ.சி. வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறார். 'பேச்சுரிமை' அரசியல் அறிவியல் பாடத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் சொல்வதில்லை.

சரி, சுதந்திரம் வந்த பிறகு? 1950 ஜனவரி 26ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வருகிறது. பிரிவு 19 பேச்சுரிமை தருகிறது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் மெட்ராஸ் மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று அன்றைய மாநில அரசு தடை போட்டது. பொதுப் பாதுகாப்புக்காக என்று காரணம். தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். அதே ஆண்டு மே மாதம் தீர்ப்பு: தடை செல்லாது. 'பொதுப் பாதுகாப்பு' என்கிற காரணம் அன்றைக்கு 19(2)ல் எழுதப்பட்டிருக்கவில்லை என்றது கோர்ட். அடுத்த ஆண்டே அரசாங்கம் அரசியலமைப்பைத் திருத்தி 'பொது ஒழுங்கு' என்கிற சொல்லை உள்ளே கொண்டுவந்தது. கூடவே கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் வந்தது. இப்போது பிள்ளையிடம் கேளுங்கள்: வ.உ.சி.யின் பேச்சு 1950 ஜூன் மாதம் பேசப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1952ல் பேசியிருந்தால்? இதற்கு கைடில் விடை கிடையாது. யோசித்தாக வேண்டும். யோசித்தவனுக்கு 19(1), 19(2) ஆயுசுக்கும் மறக்காது.

இரண்டாவது செண்பகம் துரைராஜன் வழக்கு, 1951. மெட்ராஸ் மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை என்று ஒன்று இருந்தது. மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி இடங்களை பதினான்கு பதினான்காகப் பிரித்து, ஒவ்வொரு பதினான்கிலும் இந்த வகுப்புக்கு இத்தனை என்று பங்கு. பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணர்களுக்கு இரண்டு, அரிசனங்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. இது 29(2)க்கு விரோதம் என்று வழக்கு. நலிந்த பிரிவினரின் கல்வியை வளர்க்கச் சொல்லும் பிரிவு 46ன்படிதான் செய்கிறோம் என்று அரசாங்கம் வாதாடியது. பிரிவு 46 எங்கே இருக்கிறது? அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகளில். 29(2) எங்கே இருக்கிறது? அடிப்படை உரிமைகளில். இரண்டும் மோதினால் அடிப்படை உரிமைதான் மேலே என்று சொல்லி கோர்ட் அரசாணையை ரத்து செய்தது. தமிழ்நாடே கொந்தளித்தது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார். 1951 ஜூனில் முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பிரிவு 15(4) சேர்ந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் வந்தது அப்படித்தான்.

'அடிப்படை உரிமைகளுக்கும் அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகளுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.' எத்தனை வருடமாகக் கேட்கப்படும் கேள்வி! இடதுபக்கம் ஐந்து, வலதுபக்கம் ஐந்து என்று கோடு போட்டு எழுதுகிறார்கள். நீதிமன்றம் மூலம் பெறலாம், பெற முடியாது என்று மனப்பாடமாக எழுதும் அந்த ஒரு வரிக்காக ஒரு மாகாணத்தின் கல்லூரி சேர்க்கையே ஒரு வருடம் தலைகீழானது என்று தெரிந்தால், அந்த வரி வெறும் வரியாக இருக்குமா? இட ஒதுக்கீட்டில் படித்து வேலைக்குப் போன நம்ம வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு 15(4) எப்படி வந்தது என்று தெரியும்? அமெரிக்கப் பட்டியலில் இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது 1954ன் பிரவுன் வழக்கு. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று பிரித்ததை அந்த நாட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. அங்கே கோர்ட் தீர்ப்பால் மாற்றம் வந்தது, இங்கே தீர்ப்புக்கு எதிராகத் திருத்தம் கொண்டுவந்து மாற்றம் வந்தது. எது நல்ல வழி என்று வகுப்பில் ஒரு பீரியட் சண்டை போட விடலாம்.

மூன்றாவது மலைக்கு அந்தப்பக்கம், கேரளாவில். 1985ல் மூன்று பள்ளிப் பிள்ளைகள், அண்ணன் தங்கச்சிகள், தேசிய கீதம் பாடும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்கள் யெகோவா சாட்சிகள், மத நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றம் போனார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு, தீர்ப்பு 1986. பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது கோர்ட். நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, கல்வித்துறை சுற்றறிக்கைதான் இருந்தது. அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும், சுற்றறிக்கை போதாது. இதைப் படித்த பிள்ளை, நாளைக்கு ஒரு ஆபீசில் "மேலிடத்து உத்தரவும்மா" என்று யாராவது சொன்னால் "எந்தச் சட்டத்துல சார்?" என்று கேட்கும்.

டல்லாஸ் பேத்தியின் பட்டியலில் இதற்கு ஜோடி இருக்கிறது. டிங்கர் வழக்கு, 1969. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோர்ட் பிள்ளைகள் பக்கம் நின்றது. அவளுக்கு நான் பிஜோ வழக்கைச் சொன்னேன். பத்து நிமிடம் பேசாமல் கேட்டுவிட்டு, "ஆச்சி, டிங்கர் பேச்சுரிமை, இது பேச்சுரிமையும் மத உரிமையும் சேர்ந்தது, ரைட்?" என்றாள். அதுதான் அந்தத் தேர்வின் மூன்றாவது கேள்வி. ஆழ்வார்குறிச்சியிலிருந்து கேட்கப்பட்டது, அவ்வளவுதான்.

இனி எதிர்ப்பக்கம். என் மாணவர்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்களே சொல்வார்கள்: "டீச்சர், திருத்துறவங்க கையில விடைக்குறிப்பு இருக்கு. அதுல இருக்கிற பாயிண்டு இருந்தாத்தான் மார்க்கு. வழக்கு எழுதினா மார்க்கு கூடுமா?" நியாயமான கேள்வி. கூடாது. ஆனால் குறையவும் குறையாது, பாயிண்டை முதலில் எழுதிவிட்டால். வரையறை, தலைப்பு, புத்தகத்தில் உள்ள வரிகள் எல்லாம் வரிசையாக எழுது. கடைசி மூன்று வரியில் வழக்கை வை. பிள்ளைக்கு லாபம் வேறு இடத்தில். கதையோடு படித்தது மறக்காது. புத்தகத்தின் உள்ளே எங்கிருந்தோ எடுத்துப் போடும் ஒரு மதிப்பெண் கேள்வியில் தடுமாற மாட்டான். மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்குத்தான் இந்த முறை அதிகம் உதவும். வரையறையை நெட்டுரு போட முடியாத பிள்ளை, கதையை ஒரு தடவை கேட்டால் சொல்லிவிடும். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்கே தெரியும்.

இருந்தாலும் கேள்வித்தாள் மாறாமல் வகுப்பு மாறாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. பிளஸ் டூ அரசியல் அறிவியல் வினாத்தாளில் ஐந்து மதிப்பெண் வினா ஏழில், ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். ஒரு வழக்கையோ ஒரு கிராம சபைத் தீர்மானத்தையோ ஆறு வரியில் கொடுங்கள். இதில் எந்தப் பிரிவு வருகிறது, ஏன், நீ நீதிபதியாக இருந்தால் என்ன சொல்வாய் என்று கேளுங்கள். விடை இரண்டு விதமாக இருக்கலாம், காரணத்துக்குத்தான் மார்க். 90ல் 5. யாரும் ஃபெயிலாக மாட்டார்கள். ஆனால் அந்த ஐந்து மார்க்குக்காக தமிழ்நாடு முழுக்க ஒவ்வொரு வகுப்பிலும் வருடம் முழுவதும் வழக்குகள் பேசப்படும். பாடநூல் குழுவிலும் வினாத்தாள் குழுவிலும் வேலை செய்கிற என் மாணவர்கள் யாராவது இருந்தால், இதை உங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

அது வரும்போது வரட்டும். இந்த மார்ச்சுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பிள்ளைகள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். பக்கத்துக்கு ஒரு வழக்கு. என்ன நடந்தது, எந்தப் பிரிவு, அரசாங்கம் என்ன வாதாடியது, கோர்ட் என்ன சொன்னது, அதன் பிறகு என்ன மாறியது. ஐந்தே தலைப்பு. மேலே சொன்ன மூன்றோடு கேசவானந்த பாரதி, மேனகா காந்தி (1978), எஸ்.ஆர். பொம்மை (1994), இந்திரா சாஹ்னி (1992) சேர்த்தால் ஏழு. ஏழு வழக்கு கையில் இருந்தால் நீதித்துறை, கூட்டாட்சி, அடிப்படை உரிமைகள் மூன்று பாடமும் கையில் இருக்கிறது.

அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முகவுரை, 12 முதல் 35 வரை, 36 முதல் 51 வரை, 243. இவற்றை மட்டும் மூலத்தில் ஒரு தடவை வாசியுங்கள். கைடு சொல்வதற்கும் மூலம் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

உள்ளாட்சிப் பாடத்தை ஊரில் வைத்துப் படியுங்கள். நம்ம ஊர் பேரூராட்சி. இங்கே கிராம சபை கிடையாது. ஏன் என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? கிராம சபை 73வது திருத்தப்படி கிராம ஊராட்சிக்கு உரியது. பேரூராட்சி 74வது திருத்தத்தில் வருகிறது. ஆனால் கடையம் ஒன்றியத்தில் சுற்றிலும் ஊராட்சிகள் இருக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. வருகிற குடியரசு நாளில் மாமா வீடோ சித்தி வீடோ இருக்கிற ஊராட்சிக்குப் பிள்ளையை அனுப்புங்கள். ஒரு ஓரமாக உட்கார்ந்து, வரவு செலவு யார் வாசிக்கிறார்கள், யார் கேள்வி கேட்கிறார்கள், யார் வாயே திறக்கவில்லை என்று பார்த்துவிட்டு வரட்டும். இரண்டு மணி நேரம். ஒரு ஐந்து மதிப்பெண் வினா முடிந்தது.

போகிற வழியில் சொல்லிவைக்க ஒரு கதையும் இருக்கிறது. குடவோலை என்றால் எல்லோரும் உத்திரமேரூர் என்பார்கள். அது பராந்தகச் சோழன் காலம், கி.பி. 919, 921. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்தியது நம்ம பக்கத்து மானூர்க் கல்வெட்டு. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் ரோட்டில் இருக்கிற அதே மானூர். கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் காலம். சபையில் யார் உட்காரலாம் என்று விதி எழுதிவைத்திருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் 'இல்லை, இல்லை' என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் அதில் உண்டு. அது நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் சபை. பெண்ணுக்கோ உழைக்கிறவருக்கோ அதில் இடம் இல்லை. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

பேராணை என்றால் என்ன என்று படிக்கும்போது தாமிரபரணியை நினைத்துக்கொள்ளுங்கள். கங்கைகொண்டான் சிப்காட்டிலுள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் பொதுநல வழக்கு போட்டார்கள். 2016 நவம்பரில் இடைக்காலத் தடை. 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்து தடையை நீக்கினார்கள். இப்படி ஒரு வழக்கை உயர் நீதிமன்றம் விசாரிக்க முடிந்தது பிரிவு 226ஆல். தீர்ப்பு உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். நாம் குடிக்கிற தண்ணீரும் பிரிவு 226ம் ஒரே இடத்தில் சந்தித்ததைப் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

பதினெட்டு நிரம்பப்போகிற பிள்ளையாக இருந்தால் படிவம் 6 நிரப்பட்டும். வாக்குரிமை வயதை 21லிருந்து 18 ஆக்கியது 61வது திருத்தம். ஒரு மதிப்பெண் வினாவும் ஆச்சு, வோட்டும் ஆச்சு.

கடைசியாக உறவுகளுக்கு. கல்யாண வீட்டில் "என்ன குரூப்பு?" என்று கேட்டு, ஆர்ட்ஸ் என்றதும் "ஐயோ, மார்க் குறைஞ்சுட்டோ?" என்று முகத்தைச் சுளிக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். இதைக் கேட்டுக் கேட்டே அந்தப் பிள்ளைகள் பாடத்தைத் தண்டனை மாதிரி படிக்கிறார்கள். நான் பார்த்தவரைக்கும் நடப்பது இதுதான். சயின்ஸ் குரூப் எடுத்து, டிகிரி முடித்து, இருபத்துமூன்று வயதில் டி.என்.பி.எஸ்.சி. எழுத உட்காருகிறார்கள். அங்கே இந்திய ஆட்சியியல் என்று ஒரு பகுதி. உடனே ஆறாம் வகுப்பிலிருந்து சமூக அறிவியல் புத்தகத்தைத் தேடிப் பழைய புத்தகக் கடைக்கு ஓடுகிறார்கள். பள்ளியில் இலவசமாகக் கொடுத்தபோது குடிமையியல் பக்கத்தைத் திருப்பாதவர்கள், கோச்சிங் சென்டருக்கு ஆயிரக்கணக்கில் கட்டி அதே பக்கத்தைப் படிக்கிறார்கள். அங்கேயும் பிரிவு எண்ணும் ஆண்டும்தான் மனப்பாடம்.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பட்டா மாற்றத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஆபீஸ் ஆபீஸாக ஏறப்போவது இதே பிள்ளைகள். எந்த மனு எந்த ஆபீசுக்கு, பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பதெல்லாம் தெரிந்து நிற்பவருக்கும், யாராவது புரோக்கரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பவருக்கும் நடத்தப்படும் விதமே வேறு. நம்ம ஊர் மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து முப்பது வருடம் மனசு பொறுக்காமல்தான் இந்தப் பாடத்தை நடத்தினேன்.

வருகிற சனிக்கிழமையிலிருந்து பிப்ரவரி கடைசி வரை சனி, ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை என் வீட்டுத் திண்ணையில் இந்த ஏழு வழக்குகளையும் பேசப் போகிறேன். பீஸ் கிடையாது. எந்தப் பள்ளிப் பிள்ளையும் வரலாம், சயின்ஸ் குரூப்பும் வரலாம். நோட்டும் பேனாவும் போதும். என் மாணவர்களில் வக்கீலாக இருக்கிறவர்கள், வி.ஏ.ஓ.வாக இருக்கிறவர்கள், ஊராட்சிச் செயலராக இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு மாலை வந்து பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனால் சந்தோஷப்படுவேன். எந்தத் தேதி வசதி என்று போன் செய்யுங்கள். சுக்குக் காபி உண்டு.

பிள்ளைகள் எல்லோருக்கும் தேர்வு வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஆழ்வார்குறிச்சி